முட்டை இல்லாத பாஸ்தா: அக்காவோடு மெக்ஸிகோவில் எட்டு நாள்

செப்டம்பர் 12, 2024, வியாழன். மெக்ஸிகோ சிட்டி

தங்கும் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, "டேய், நெஞ்சை அடைக்குதுடா" என்றாள். எனக்கும் அடைத்தது, காட்டிக்கொள்ளவில்லை. இந்த ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். ஊட்டிக்குப் போனால் குளிரும் யூகலிப்டஸ் வாசனையும் வர்க்கியும் மலைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடும். இங்கே காரும் புகையும் இரண்டு கோடிக்கு மேல் ஜனமுமாகச் சமவெளி மாதிரியே இருக்கிறதால், படியேறும்வரை ஒன்றும் தெரிவதில்லை.

எனக்கு வெள்ளிக்கிழமை ஒருநாள் அலுவலக வேலை, மீதி லீவு. அக்கா ஸ்ரீரங்கத்தில் வாக்கப்பட்டவள், ரிட்டையர் ஆகி ஆறு மாதம் ஆகிறது, "பிரமிட் பார்க்கணும்டா" என்று கூடவே கிளம்பிவிட்டாள். சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டாள். நான் எல்லாம் சாப்பிடுவேன், அது எங்கள் வீட்டுப் பழைய சண்டை. மெக்ஸிகோவில் பீன்ஸைக்கூடப் பன்றிக்கொழுப்பில் வதக்குவார்கள் (மன்தேகா என்று பெயர்), சோற்றைக் கோழிச் சாறில் வேகவைப்பார்கள் என்று படித்ததிலிருந்து என் திட்டம் ஒன்றுதான். போகிற ஊரில் எல்லாம் நல்ல இத்தாலியன் ஹோட்டலாகப் பார்த்து அக்காவைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவது. பாஸ்தா, தக்காளி, சீஸ். இதில் என்ன வந்துவிடப் போகிறது?

ராத்திரியே வந்தது. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சிவப்புக் கட்டம் போட்ட மேஜைவிரிப்பும் மெழுகுவர்த்தியுமாக ஓர் இடம். பெயர் வேண்டாம். "சின் கார்னே", அதாவது இறைச்சி இல்லாமல், என்று மூன்று தடவை சொன்னேன். பையன் மூன்று தடவையும் தலையாட்டினான். வந்த பென்னே பாஸ்தாவில் இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடியாக என்னவோ. கேட்டால், "ஹமோன்" என்கிறான், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பன்றித் தொடை. அது இறைச்சி இல்லையா என்றால், இறைச்சி என்றால் மாடு சார், இது ஹமோன். அவன் பேரிலும் தப்பில்லை, இந்த ஊரில் கார்னே என்று மொட்டையாகச் சொன்னால் மாட்டிறைச்சிதான் முதலில் நினைவுக்கு வருமாம். அக்கா ரொட்டியையும் ஆலிவ் எண்ணெயையும் தொட்டுக்கொண்டு முடித்தாள். 420 பேசோ, ஒரு பேசோ நாலேகால் ரூபாய் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

நல்லதும் ஒன்று. பக்கத்து மேஜையில் சாப்பிட்டு முடித்த ஒரு குடும்பம், போகிற போக்கில் எங்களைப் பார்த்து "ப்ரொவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போனது. தாத்தா, பாட்டி, கடைசியாகப் போன பத்து வயசுப் பொடியன் வரை ஒவ்வொருவராக. நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாதவர் தட்டைப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போகிற ஊர் இது. அக்கா அந்த வார்த்தையை அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

நான் வேலைக்குப் போய்விட்டேன். அக்கா தனியாகவே கிளம்பி, முனையில் இருக்கும் ஃபோன்தாவில் (நம் மெஸ் மாதிரி, 95 பேசோவுக்கு மதியச் சாப்பாடு) எட்டிப் பார்த்திருக்கிறாள். சாயங்காலம் நான் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "டேய், இங்க சேமியா இருக்குடா!"

உண்மைதான். ஃபிதெயோ என்பார்கள். பொடியாக உடைத்த சேமியாவை எண்ணெயில் சிவக்க வறுத்து, அரைத்த தக்காளி ஊற்றிச் சூப்பாக வைப்பார்கள். தண்ணீர் முழுக்க வற்றும்வரை விட்டால் அதற்கு 'உலர்ந்த சூப்' என்றே பெயர், சோபா சேகா. மேலே கொஞ்சம் கிரீமும் சீஸும். இத்தாலிக்காரன் இங்கே கடை போடுவதற்கு ரொம்ப நாள் முன்பே ஸ்பெயின்காரன் வழியாக வந்து, இங்கேயே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிற பாஸ்தா இது. அக்கா தட்டைக் காட்டி "போயோ?" என்று கேட்டிருக்கிறாள், கோழி என்பதற்கு நான் எழுதிக் கொடுத்த வார்த்தை. அந்த அம்மா பெருமையாக நெஞ்சில் கைவைத்து, ஆமாம், ஒரிஜினல் கோழிச் சாறு என்றிருக்கிறார். அக்கா சிவப்பாக ஒரு பூத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். ஹமைக்கா என்பது அதுதான். புளிச்சைக்கீரை ஜாதிப் பூவை ஊறவைத்து இறக்கினது.

ராத்திரி ஒரிசாபா தெருவில் சார்தோரியா என்ற இத்தாலியன் ஹோட்டல். மார்கோ கார்போனி நடத்துகிறார், இத்தாலியின் மோதெனாக்காரர். அங்கேதான் இரண்டாவது பாடம் படித்தேன், கையால் செய்கிற புதுப் பாஸ்தாவில், அதிலும் அந்த மோதெனா பக்கத்துச் சமையலில், மாவைப் பிசைவதே முட்டையில்தான். தாலியதெல்லே, தொர்தெல்லீனி எல்லாமே அப்படி. முட்டை இல்லாதது ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்த்து அச்சில் பிழிந்து காயவைக்கிற தெற்கத்திப் பாஸ்தா. நாம் கடையில் பாக்கெட்டில் வாங்குகிற சாதாப் பாஸ்தா. 'ஃபிரெஷ்' என்றால் உசத்தி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனால் பாக்கெட் பாஸ்தாதான் உசத்தி என்று புரிந்தது. பரிமாறின பெண் பொறுமையாக உள்ளே போய்க் கேட்டுவந்து, மெனுவில் விரல் வைத்து, இது சரி, இது சரி, இது வேண்டாம் என்றாள். அக்கா தக்காளி போட்டதைச் சாப்பிட்டாள். மேலே பார்மெசான் சீஸ் மழையாகத் துருவி விழுந்தது.

இங்கே ஒன்றை எழுதி வைக்கிறேன். நிஜப் பார்மெசானைக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற உறைபொருளில்தான் உறைய வைக்க வேண்டும், இத்தாலியில் அது விதி. எனக்கு இது தெரியும். அக்காவுக்குத் தெரியாது. ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 14, சனி

கொலீமா தெருவில் ரொசெத்தா. எலேனா ரெய்காதாஸ் என்ற சமையற்காரர் 2010-இல் தொடங்கினது. லண்டனில் பேர்போன இத்தாலியன் சமையலறை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 2023-இல் உலகின் சிறந்த பெண் செஃப் என்ற விருது, இந்த வருஷம் மே மாதம் மெக்ஸிகோவுக்கு முதல்தடவையாக, ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷெலின் கையேடு வந்தபோது ஒரு நட்சத்திரம். ஒரு மாதம் முன்பே இடம் போட்டு வைத்திருந்தேன். பழைய மாளிகை, உயரமான கூரை, சுவரெல்லாம் செடிகொடி வரைந்து, வீட்டுக்குள் தோட்டம் புகுந்த மாதிரி.

இதை இத்தாலியன் ஹோட்டல் என்று சொல்லலாமா என்பதே இப்போது சந்தேகம். அப்படித்தான் ஆரம்பித்தது, போகப் போக மெக்ஸிகோ மண்ணில் விளைகிறதெல்லாம் தட்டுக்கு வந்துவிட்டது. பேர்வாங்கின ஐட்டம் முட்டைக்கோஸ் டாக்கோ. சோள ரொட்டிக்குப் பதில் முட்டைக்கோஸ் இலை, உள்ளே பிஸ்தாவை அரைத்த பச்சைக் குழம்பு. அக்கா ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுவிட்டு அப்படியே நிறுத்தினாள். "குருமாவுல முந்திரிக்கு பதிலா பிஸ்தா போட்டா இப்படித்தான் இருக்கும். செலவு தாங்காது." இதைவிடச் சரியாக எந்த விமர்சகரும் எழுதிவிட முடியாது. கடைசியில் ஓஹா சான்தா என்கிற மிளகுக்கொடி இனத்து இலையும் கொக்கோவும் சேர்ந்த இனிப்பு. வெற்றிலையும் சாக்லேட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் என் வீட்டு ஒருவார மளிகை. வருத்தமில்லை.

வெளியே வந்தால் அதே தெருவில் அவர்களுடைய பேக்கரி, வாசலில் வரிசை. கொய்யா ஜாமும் சீஸும் வைத்துச் சுருட்டின பன்னுக்காக நிற்கிறார்கள். நானும் நின்றேன். கொய்யாவை இப்படி எல்லாம் செய்யலாம் என்று தெரியாமல் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டே பாதி ஆயுசைக் கழித்துவிட்டேனே என்றிருந்தது (உப்பும் மிளகாய்த்தூளும் இங்கேயும் உண்டு, தள்ளுவண்டியில், எலுமிச்சை பிழிந்து).

நாலு மணிக்கு மழை. இங்கே செப்டம்பரில் தினமும் சாயங்காலம் மழை, கடியாரம் பார்த்துப் பெய்கிற மாதிரி.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாளைக்குச் சுதந்திர தினம். தெருவெல்லாம் பச்சை, வெள்ளை, சிவப்பு. கொடி விற்கிற வண்டி, கொடி நிறத்தில் விசிறி, ஒட்டு மீசை. மதியம் போன சின்ன இத்தாலியன் கடையிலும் அதே மூவர்ணத் தோரணம், கடைக்காரரின் இத்தாலிப் பற்று என்று நினைத்தேன், கிட்டப்போனால் நடுவில் கழுகு. கழுகை எடுத்துவிட்டால் இரண்டு கொடிக்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்த மாதம் இத்தாலியன் ஹோட்டல்காரனுக்கு அலங்காரச் செலவு மிச்சம்.

எட்டு மேஜை உள்ள கடை. பீட்சாவும் பாஸ்தாவும் கேட்டோம். கூடவே மேஜையில் வாலென்தினா என்கிற சிவப்பு மிளகாய் சாஸ், ஒரு கறுப்பு சாஸ், கெட்சப். பக்கத்து மேஜை இளைஞன் மூன்றையும் பீட்சாமேல் கோலம் போட்டான். இத்தாலிக்காரன் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவான். அக்கா வாலென்தினாவை மட்டும் வாங்கி ஒரு ஓரமாக விட்டு, "இப்பதான் சாப்பாடு மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் சீஸர் சாலட் சொல்லலாமா என்று கேட்டாள், வெறும் இலைதானே என்று. வெறும் இலை இல்லை. அதில் முட்டை, உப்பிட்ட நெத்திலி கலந்த சாஸ், எல்லாம் உண்டு. அந்தப் பேரும் ரோமாபுரிச் சீஸர் இல்லை. இதே நாட்டின் வடக்கு எல்லையில், திஹுவானாவில் ஹோட்டல் வைத்திருந்த சேஸரே கார்தீனி என்ற இத்தாலியர் பேர், 1924-இல் அவர் கண்டுபிடித்தது என்பார்கள். ஆக உலகத்திலேயே பிரபலமான இத்தாலியன் சாலட் மெக்ஸிகோவில் பிறந்தது. அக்காவுக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கூட்டம் குறைந்ததும் சமையற்காரர் வெளியே வந்து நின்றார். பாஸ்தா எங்களுக்கு வருவதற்கு ஏன் அவ்வளவு நேரம் என்று பேச்சு ஆரம்பித்தது. இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, ஏறக்குறைய 92-லேயே கொதித்துவிடும், அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. பாக்கெட்டில் 9 நிமிஷம் என்று போட்டிருந்தால் அவர் 12 வரை விடுகிறாராம். "இத்தாலியிலிருந்து வருகிற செஃப் எல்லாம் முதல் வாரம் பச்சையாகத்தான் பரிமாறுவார்கள்" என்று சிரித்தார். பீட்சா மாவுக்கு இது நேர் எதிர், இங்கே சீக்கிரம் பொங்கிவிடும், ஈஸ்ட்டைக் குறைக்க வேண்டும். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அக்கா தலையாட்டிக்கொண்டே வந்தாள். அவள் கொடைக்கானலில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத கதை அவளுக்குப் புதிதில்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு சோகலோ சதுக்கத்தில் ஜனாதிபதி மாடத்தில் நின்று மணி அடித்து முழக்கமிடுவார், 1810-இல் இதால்கோ பாதிரியார் முழங்கின நினைவாக. போகத்தான் கிளம்பினோம். மழையில் நனைந்து, மெட்ரோ நெரிசலில் ஒரு வண்டியை விட்டு, இரண்டு வண்டியை விட்டுத் திரும்பி வந்து டிவியில் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே தெருவே "வீவா" என்று கத்தியது.

செப்டம்பர் 16, திங்கள். புவெப்லா

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என்றார்கள், விடுமுறைக் கூட்டத்தில் நாலரை ஆனது. நின்றுகொண்டு வரவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

புவெப்லா அழகான ஊர், சுவரெல்லாம் ஓடு பதித்து. சீசன் சாப்பாடு சீலே என் நொகாதா. பெரிய பச்சை மிளகாய்க்குள் கறி அடைத்து, வால்நட் வெள்ளைச் சாஸ் ஊற்றி, மாதுளை முத்து தூவி, மறுபடியும் அதே கொடி நிறம். நான் ஒன்று சாப்பிட்டேன், 280 பேசோ, பிரமாதம். அக்கா பேக்கரியில் முட்டை இல்லாத ரொட்டி எது என்று அரைமணி நேரம் விசாரித்து, கடைசியில் வாழைப்பழத்தோடு ரூமுக்கு வந்தாள். இந்த ஊர் இத்தாலியன் ஹோட்டல் இரண்டுக்குப் போனோம், ஒன்று லீவு, ஒன்றில் மினெஸ்த்ரோனே சூப்பில் கோழிச் சாறு. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய். சிபிலோ

நான் ரகசியமாக வைத்திருந்த துருப்புச்சீட்டு இந்த ஊர்தான். புவெப்லாவிலிருந்து அத்லிஸ்கோ போகிற சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 1882-இல் இத்தாலியின் வடக்கிலிருந்து, வெனெத்தோ பகுதியிலிருந்து, கப்பலேறி வெராகுரூஸ் துறைமுகத்தில் இறங்கின விவசாயக் குடும்பங்களை மெக்ஸிகோ அரசு குடிவைத்த இடம். நிறையப் பேர் செகுசீனோ என்ற ஒரே ஊர்க்காரர்கள். நிலம் வறண்டது, அதனால் மாடு வைத்தார்கள், பால், வெண்ணெய், சீஸ். ஊருக்குள் இருக்கும் சின்னக் குன்றுக்கு மோந்தே கிராப்பா என்று பேர், இத்தாலியில் முதல் உலகப்போர் நடந்த மலையின் பேர்.

டிரைவர் கத்தின கத்தலில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டோம், இருபது நிமிஷம் லாரிப் புகையில் நடை. போபோகாதேபெத்ல் எரிமலை தெரியும் என்றார்கள், மேகம்தான் தெரிந்தது.

ஊர் பார்க்க ஒன்றும் இத்தாலி மாதிரி இல்லை. சாலை ஓரத்து மெக்ஸிகோ ஊர், வரிசையாகச் சீஸ் கடை, மரச்சாமான் கடை. ஆனால் காது வேறு சொன்னது. கடை வாசலில் இரண்டு கிழவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஸ்பானிஷ் இல்லை. பள்ளிக்கூட இத்தாலியனும் இல்லை. அவர்கள் கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்த வெனெத்தோ பேச்சு, 142 வருஷமாக வீட்டில் புழங்குகிறது. அதே காலத்தில் நம் பக்கத்திலிருந்து மொரீசியஸுக்கும் ரீயூனியனுக்கும் கப்பலேறினவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உலகம் முழுக்க எல்லோரும் சொல்லும் 'ச்சாவ்' இந்த மொழியிலிருந்து போனதுதான், நான் உங்கள் அடிமை என்பது தேய்ந்து அப்படி ஆனது. அக்காவிடம் சொன்னேன். "அடியேன்னு சொல்றாங்க, அவ்வளவுதானே" என்றாள். ஸ்ரீரங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்புறம் எல்லாக் கடையிலும் கும்பிடு போட்டபடி "ச்சாவ்" என்றாள்.

மூன்றாவது கடையில் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கடைப் பெண்ணுக்கு எங்கள் அக்கா வயசிருக்கும். ஓரெயாதோ என்கிற, காற்றில் உலர்த்தின சீஸை மெல்லிய துண்டாக வெட்டிக் கத்தி நுனியிலேயே நீட்டினார். மேலே மஞ்சள் தோல், உள்ளே சின்னச் சின்ன ஓட்டை, லேசான புளிப்பு, கடைசியில் நாக்கில் ஒரு பால் இனிப்பு. அக்கா இரண்டாவது துண்டும் வாங்கினாள். பிறகு, தயிர் தோய்க்கிறவள் தானே, எதில் உறை ஊற்றுகிறீர்கள் என்று கேட்கச் சொன்னாள். நான் கேட்காமல் இழுத்தேன். அவள் ஒரு கையைக் கிண்ணமாக வைத்து மறுகையால் ஊற்றி, கலக்கி, புருவத்தை உயர்த்திக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "குவாஹோ" என்றார். எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து, "ம்ம்ம்மே" என்று கன்றுபோல் கத்தி, தன் வயிற்றைத் தடவிக் காட்டி, கத்தியால் வெட்டுகிற மாதிரியும் காட்டினார். சிரித்துக்கொண்டேதான், பாவம்.

அக்கா வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் எடுத்தாள். கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அன்னைக்கு ராத்திரி பாஸ்தா மேல போட்டதும் இதானா?"

"ஆமா."

திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டு, "கிராசியாஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றாள்.

பிறகு மதியம் இரண்டு மணிக்கு, பசி தாங்காமல், சாலையோரத்தில் ஒரு வீட்டு முன்கூடத்தில் நாலு மேஜை போட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தோம். போர்டுகூட இல்லை. என்ன இருக்கிறது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டு, முட்டை, குவாஹோ, மன்தேகா, கோழிச் சாறு என்று ஒவ்வொன்றாகத் தள்ள, கடைசியில் அந்த வீட்டம்மா உள்ளே போய் ஒரு மரப்பலகையில் மஞ்சளாக ஏதோ கவிழ்த்துக்கொண்டு வந்தார். பொலெந்தா. மக்காச்சோள மாவு, தண்ணீர், உப்பு. வேறொன்றுமில்லை. நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துக் கேக் மாதிரி அறுத்தார், ஒரு துண்டுமேல் வெண்ணெய் வைத்தார், அது உருகி நாலு பக்கமும் இறங்கியது. அக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். களி. கேப்பைக்குப் பதில் சோளம். வாலென்தினா பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தாள். மூன்று துண்டு சாப்பிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல்.

மக்காச்சோளமே இந்த மண்ணின் பயிர், இங்கிருந்து போய் இத்தாலி வடக்கில் ஏழைகளின் அன்றாடச் சாப்பாடாகி, அவர்களே அதைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். போனபோது பயிர் மட்டும்தான் போனது, பக்குவம் போகவில்லை. மெக்ஸிகோவில் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள், அப்போதுதான் அதிலுள்ள நியாசின் உடம்பில் சேரும். அது தெரியாமல் வெனெத்தோ விவசாயிகள் பொலெந்தாவை மட்டுமே தின்று, பெலாக்ரா என்ற நோய் வந்து தோல் உரிந்து புத்தி பேதலித்துச் செத்திருக்கிறார்கள், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே அது பெரிய கொள்ளைநோய் மாதிரி. கப்பலேறினவர்கள் விட்டுவந்தது அந்த ஊரை.

எது நல்ல இத்தாலியன் ஹோட்டல் என்று கேட்டால் அந்த முன்கூடத்தைத்தான் சொல்வேன். இரண்டு பேருக்கு 160 பேசோ. பில்லில் டிப்ஸ் சேர்க்கவா என்று கேட்கக்கூட இல்லை.

செப்டம்பர் 18, புதன். மெக்ஸிகோ சிட்டி

திரும்பி வந்தாயிற்று. அக்கா பேசவில்லை. நேற்றிலிருந்து ரொட்டி, பழம், காபி. பிரமிட் பார்க்கப் போகலாமா என்றேன், தலையை ஆட்டினாள், எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஒரு துண்டுச் சீட்டை மேஜையில் வைத்தாள். சேமியா, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி. சந்தைக்கு ஓடினேன். ஃபிதெயோ பாக்கெட் 9 பேசோ. தக்காளிக்கு "தொமாதே" என்று கேட்டேன், அரைக்கிலோ பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்தால் சருகு மாதிரி தோல் போர்த்தின பச்சைக் காய். இந்த ஊரில் சிவப்புத் தக்காளிக்கு ஹிதொமாதே என்று சொல்ல வேண்டுமாம், பழைய நாவாட்டில் மொழிப் பேர். தொமாதே என்றால் இந்தப் பச்சை. உலகத்துக்கே தக்காளியையும் அதன் பேரையும் கொடுத்த ஊரில் தக்காளி என்று கேட்டால் தக்காளி வராது. இத்தாலியிலேயே தக்காளிச் சாஸ் எழுத்தில் வருவது 1690-களில்தான், அதுவும் 'ஸ்பானிய முறை' என்ற பேரில். இதையெல்லாம் அக்காவிடம் சொல்லத் தோன்றியது, சொல்லும் நிலைமை இல்லை. காய் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். "புளிக்குது. பரவாயில்ல." ஒன்றரை நாளில் முதல் பேச்சு.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று ராத்திரி விமானம்.

காலை பத்தரைக்கு அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். சேமியாவைப் பொன்னிறமாக வறுத்து, கடுகு இல்லாததால் சீரகம் தாளித்து, பச்சைக் காயை நறுக்கிப் போட்டு வதக்கி, செர்ரானோ மிளகாய் இரண்டு கீறி, தண்ணீர் ஊற்றினாள். "மூடி வச்சு ரெண்டு நிமிஷம் கூட விடணும், அந்த ஆள் சொன்னாரில்ல" என்று தானாகவே சொல்லிக்கொண்டாள்.

பதினொரு மணிக்குத் தெருவில் சைரன் அலறியது. கம்பத்தில் கட்டிய ஸ்பீக்கரில் 'நிலநடுக்க எச்சரிக்கை' என்று ஓர் ஆண் குரல் திரும்பத் திரும்ப. எனக்குக் கை நடுங்கியது. எதிர்வீட்டுப் பையன் கதவைத் தட்டி "ஒத்திகை, ஒத்திகை, ஆனால் இறங்க வேண்டும்" என்றான். 1985 செப்டம்பர் 19-இல்தான் இந்த ஊர் இடிந்தது, ஏரிப்படுகைச் சேற்றுமேல் கட்டின ஊர், ஆயிரக்கணக்கில் செத்தார்கள், நாங்கள் இருக்கும் இந்த ரோமா பகுதியில் அடி பலம். அதன் நினைவாக வருஷா வருஷம் ஒத்திகை. 2017-இல் அதே தேதியில் பதினொரு மணிக்கு ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரத்தில் நிஜமாகவே வந்தது. 2022-இலும் அதே தேதி. அதனால் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, நாயைத் தூக்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக இறங்குகிறார்கள்.

நான் பாஸ்போர்ட்டை எடுத்தேன். அக்கா அடுப்பை அணைத்து, துணி பிடித்து வாணலியைத் தூக்கிக்கொண்டாள். "எதுக்குக்கா?" என்றால், "நிஜமா இருந்தா மத்தியானம் என்ன சாப்பிடுவே?" என்கிறாள்.

தெருவில் பச்சைக் கட்டம் போட்ட இடத்தில் எல்லோரும் நின்றோம். முனை இத்தாலியன் கடைச் சமையற்காரர்கள் ஏப்ரனோடு, பேக்கரிப் பெண்கள் தலைவலையோடு, நடுவில் வாணலியோடு அக்கா. பக்கத்தில் நின்ற முதல் மாடிப் பாட்டி மூக்கை நீட்டினாள். மூடியைத் திறக்கச் சொன்னாள்.

"ஃபிதெயோ?"

"சேமியா" என்றாள் அக்கா.

கரண்டி இல்லை. பாட்டி தன் கையைக் குழித்து நீட்டினாள், அக்கா மூடியாலேயே கொஞ்சம் தள்ளி வைத்தாள். பாட்டி மெதுவாக மென்றாள். இன்னும் கொஞ்சம் மென்றாள். சைரன் நின்றுவிட்டிருந்தது.

"லே ஃபால்தா கிரேமா" என்றாள்.

என்னடா சொல்றா என்று அக்கா கேட்டாள். கிரீம் போதாதாம்க்கா என்றேன். அக்கா பாட்டியைப் பார்த்து "ப்ரொவேச்சோ" என்றாள்.